முன்னால் கடி இல்லை

தங்கச்சிமாருக்கு,

கிளினிக்கில் என் கடைசி நாளன்று கேக் வெட்டி முடிந்ததும், "ரெண்டு வார்த்தை பேசுங்க அக்கா" என்று என்னை நடுவில் கொண்டுவந்து நிறுத்தினீர்கள். நான் "எல்லாரும் நல்லா இருங்க" என்று சொல்லிவிட்டுத் தட்டுகளைக் கழுவப் போய்விட்டேன். எனக்குப் பேச வராது. எழுதினால் யாரும் என் முகத்தைப் பார்க்கப் போவதில்லை. அதனால் எழுதுகிறேன்.

உடப்பிலிருந்து பஸ் ஏறிப் புத்தளத்துக்கு வந்து, மாடியில் இருக்கும் அந்தப் பல் கிளினிக்கில் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குப் பள்ளிக்கூடத்து ஓ.எல். படிப்பைத் தவிர வேறொன்றும் கையில் இல்லை. முகக்கவசம் போட்டுச் செய்கிற வேலை என்றதுமே மனது லேசாகிவிட்டது. கண்ணால் மட்டும் சிரித்தால் போதும். பகல் சாப்பாட்டையும் நான் உங்களோடு சேர்ந்து சாப்பிட்டதில்லை. சாமான் அறையில் அலுமாரிப் பக்கம் திரும்பி இருந்து சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவேன். நீங்கள் ஒருநாளும் ஏன் என்று கேட்டதில்லை. அதற்கு உங்களுக்கு நன்றி சொல்லவேண்டும்.

பல் வைத்திய ஆயுதங்களை எப்படிக் கழுவுவது, எதை எந்தப் பக்கம் வைப்பது என்பதெல்லாம் நீங்கள் என்னை விட நன்றாகப் பழகிவிட்டீர்கள். நான் எழுத நினைப்பது வெளியே ஆட்கள் வரிசையாக இருந்து காத்திருக்கும் நீள வாங்கைப் பற்றி.

சனிக்கிழமைதான் பல்லுக்குக் கம்பி போடும் டொக்டர் வருவார். கற்பிட்டிப் பக்கமிருந்தும் முந்தல் பக்கமிருந்தும் ஆட்கள் வந்து அந்த வாங்கில் நெருங்கி இருப்பார்கள். அனேகமாக எல்லாரும் ஒரு பல்லைக் காட்டிக்கொண்டுதான் வருவார்கள். இது முன்னுக்கு நிற்கிறது, இது திரும்பி நிற்கிறது என்பார்கள். டொக்டர் பல்லைச் சேர்த்துக் கடித்துக் காட்டச் சொன்ன பிறகுதான் உண்மையான சங்கதி தெரியும். சிலருக்கு மேல் வரிசை கீழ் வரிசையை முழுதாக மூடிக்கொண்டு நிற்கும். சிலருக்குக் கீழ் வரிசை வெளியே வந்துவிடும். சிலருக்கு ஒரு பக்கம் மட்டும் மாறி விழும். சிலருக்குக் கடைவாய் சேர்ந்தாலும் முன்பக்கம் திறந்தே கிடக்கும். நேராக நிற்கும் பல்வரிசை உள்ளவர்களும் வருவார்கள், அவர்களுக்கும் மேலும் கீழும் பொருந்தாது. இத்தனை வருடத்தில் நான் பார்த்தவரையில், அந்தக் கதிரையில் ஏறியவர்களில் மேலும் கீழும் ஒழுங்காகப் பொருந்திய ஒருவரைக் காண்பதுதான் அபூர்வம்.

ஆனால் வாங்கில் இருக்கும்போது ஒவ்வொருவரும் தனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். சால்வையால், கைக்குட்டையால், போனால் வாயை மறைத்துக்கொண்டிருப்பார்கள். பக்கத்தில் இருப்பவர் எதை மறைக்கிறார் என்று யாரும் யோசிப்பதில்லை. சஃப்னாவின் கதையைச் சொன்னால் நான் சொல்ல வருவது விளங்கும். பெயர்களை மாற்றித்தான் எழுதுகிறேன். இதை எழுதலாமா என்று அவளிடம் கேட்டும்விட்டேன்.

சஃப்னா கனமூலை என்ற ஊர்ப் பெண். வாப்பாவுக்குக் கடை இருந்தது. உம்மாதான் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தார். உம்மா பேச, மகள் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மிஸ், இந்த ஒரு பல்லு மட்டுந்தான். கொஞ்சம் முன்னுக்கு நிக்கிது. நோம்புக்கு முந்தி உள்ளுக்குத் தள்ளித் தர ஏலுமா எண்டு டொக்டர்கிட்ட கேளுங்க. கலியாணப் பேச்சு ஒண்டு தொங்கிக்கிட்டு இரிக்கிது."

எங்கள் டொக்டர் சிங்களவர். தமிழை எங்களிடமும் வருகிற ஆட்களிடமும் கேட்டுக் கேட்டுப் பழகியவர். தெரியாத சொல் வந்தால் என்னைப் பார்ப்பார், தெரியும் என்று நினைத்தால் தானே சொல்லிவிடுவார். அன்றைக்குத் தானே சொல்லிவிட்டார். சஃப்னா கடைவாய்ப் பல்லைச் சேர்த்துக் கடித்துக் காட்டினாள். முன்பக்கம் மேல் பல்லும் கீழ்ப் பல்லும் ஒன்றையொன்று தொடவில்லை. இடைவெளியில் நாக்கின் நுனி தெரிந்தது. டொக்டர் நிமிர்ந்து மெதுவாகச் சொன்னார்.

"உம்மா, மகளுக்கு முன்னால கடி இல்லை."

உம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது.

"அல்ஹம்துலில்லாஹ்! எங்கட புள்ள முன்னாலயும் கடிக்க மாட்டா, பின்னாலயும் கடிக்க மாட்டா டொக்டர். ஆரோடயும் ஒரு சொல்லு கடிஞ்சி பேசினதில்ல. அத நீங்களாவது செல்றீங்களே. அவங்க பெருமைக்காரி எண்டுட்டாங்க!"

டொக்டர் என்னைப் பார்த்தார். நான் முகக்கவசத்துக்குள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். கதிரையில் படுத்திருந்த சஃப்னாதான் முதலில் சிரித்தாள். சிரித்ததும் சட்டென்று கையால் வாயைப் பொத்தினாள். கொஞ்ச நேரத்தில் அவள் கண் நிறைந்துவிட்டது.

"பெருமை எண்டு யார் சொன்னது? கேளுங்க" என்று டொக்டர் என்னிடம் சிங்களத்தில் சொன்னார். நான் கேட்டேன்.

மாப்பிள்ளை வீடு குறிஞ்சிப்பிட்டி. தோட்டமும் கடலுமாக இருக்கிற ஆட்கள். பையனை சஃப்னாவுக்குப் பிடித்திருந்தது. அவர்களுக்கும் பிடித்திருந்தது. பேச்சு முக்கால்வாசி முடிந்து, அவர்கள் வீட்டுப் பெண்கள் கனமூலைக்கு வந்தபோது சஹன் வைத்தார்கள். சஹன் என்றால் பெரிய தட்டு. நடுவில் சோறு, சுற்றிவர ஆட்கள் பாயில் இருந்து ஆளுக்கொரு பக்கமாகக் கை போட்டுச் சாப்பிடுவார்கள். ஒரே சஹனில் கை போட்டால் அவர்கள் சொந்தமாகிவிட்டார்கள் என்று பொருள். மாப்பிள்ளையின் தாய் சஃப்னாவைக் கைபிடித்துத் தனக்குப் பக்கத்தில் இருத்தியிருக்கிறார்.

"ரெண்டு வாய்தான் வச்சா. பசி இல்ல எண்டுட்டு எழும்பிட்டா" என்றார் உம்மா. "அதுக்குப் பொறகு அந்தப் பக்கமிருந்து ஒரு சத்தமும் இல்ல. கடைக்கார ஊட்டுப் புள்ளக்கி எங்கட கை பட்ட சோறு எறங்கல்ல போல எண்டு அந்த மனிசி செல்லி இரிக்கிறா. இவ பல்லு வெளிய தெரியுமெண்டு வெக்கப்பட்டுத்தான் எழும்பி இரிப்பா. அதான் மிஸ், இந்தப் பல்ல மட்டும் தள்ளிட்டா…"

இதை டொக்டருக்குச் சிங்களத்தில் விளக்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. அவர் முழுதும் கேட்டுவிட்டு, பல்லைப் பற்றி ஒன்றும் பேசாமல் சஃப்னாவிடம் கேட்டார்.

"மகள், பாண் எப்படிச் சாப்பிடுவீங்க?"

"பிச்சி."

"ரொட்டி?"

"பிச்சித்தான்."

"எறச்சி?"

சஃப்னா கழுத்துத் துணியின் ஓரத்தைச் சுருட்டினாள். டொக்டரும் அவசரப்படுத்தவில்லை. வெளியே வாங்கில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். ஆனாலும் அவர் காத்திருந்தார்.

"அந்த மாமி ஒரு பெரிய எறச்சித் துண்ட என்ட பக்கம் தள்ளி வச்சாங்க" என்றாள் கடைசியில். "ஒரு கையால பிச்சிக்க ஏலா. கடிச்சி இழுக்கவும் ஏலா, முன் பல்லு சேராதே. ஊட்டுலண்டா குசினில ரெண்டு கையாலயும் பிச்சி கடவாய்க்குள்ள தள்ளுவேன். அங்க எல்லாரும் பாத்துக்கிட்டு இரிந்தாங்க. என்ன செய்றதெண்டு வெளங்கல்ல. எழும்பிட்டேன்."

உம்மா அப்படியே நின்றுவிட்டார். "நீ சின்னதிலரிந்தே மெதுவாத் தின்னுற புள்ள எண்டுதானே நான் நெனச்ச…" என்றார்.

இந்த இடத்தை நீங்கள் கவனிக்கவேண்டும். ஒரே வீட்டில் வளர்த்த தாய்க்கே தெரியவில்லை. மறைத்துப் பழகியவர்கள் அவ்வளவு நன்றாக மறைப்பார்கள்.

கொஞ்சம் தெளிந்ததும் உம்மா வேறு வழி கேட்டார். முன் பல்லை எல்லாம் கழற்றிவிட்டு நோன்புக்கு முதல் புதுப் பல் வைத்துத் தர ஏலாதா என்றார். அப்படிச் செய்து கொடுக்கிற இடங்கள் இருக்கின்றன என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. டொக்டர் தலையாட்டி மறுத்தார். "பார்க்க வடிவா இருக்கும். ஆனா நல்ல பல்லைக் கழட்டுறது பாவம். கம்பியால சரிவரும், காலம் எடுக்கும். கம்பியோட கலியாணம் செய்யலாம். சிரிக்கவும் ஏலும்." சஃப்னா அதற்குச் சம்மதித்தாள். உம்மா அரை மனதோடு தலையாட்டிவிட்டு, போகும்போது என்னிடம் தனியாக வந்து, "குறிஞ்சிப்பிட்டிப் பக்கமிருந்து ஆரும் வந்தா எங்களப் பத்தி மூச்சும் விடாதீங்க மிஸ்" என்று கேட்டுக்கொண்டார்.

நான் வாக்குக் கொடுத்தேன். அந்த வாக்குக்கு அடுத்த முறை அவர்கள் வந்த அன்றைக்கே சோதனை வந்தது.

கம்பி ஒட்டுகிற நாள். சஃப்னா கதிரையில் இருந்தாள். உம்மா கதவைக் கொஞ்சம் திறந்து வெளியே எட்டிப் பார்த்துவிட்டு, பட்டென்று மூடிவிட்டு என் கையைப் பிடித்தார்.

"யா அல்லாஹ்! அவங்கதான்! மாப்புளட உம்மா! வாங்குல இரிக்கிறா! மிஸ், பின்னுக்கு எறங்கிப் போகப் படி இல்லையா?"

"இல்லையே உம்மா."

"அப்ப பல்லுக் கழுவ வந்த எண்டு செல்லுங்க. எனக்குத்தான் கழுவின எண்டு செல்லுங்க!"

நான் வெளியே போகத்தான் வேண்டியிருந்தது. அந்த மாமிக்குப் பக்கத்தில் பள்ளிக்கூடம் போகிற வயதில் ஒரு பெண் பிள்ளை இருந்தாள். எங்களிடம் கொஞ்ச நாளாக வந்துகொண்டிருந்த ரிஸ்கா. கீழ் வரிசை மேல் வரிசைக்கு வெளியே வந்து நிற்கும் பிள்ளை, வாய் நிறையக் கம்பியும் வாய் ஓயாத கதையுமாக இருப்பாள். மாப்பிள்ளையின் தங்கை இவள்தான் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

மாமி எழும்பி என்னை மூலைக்குக் கூப்பிட்டார்.

"மிஸ், உள்ளுக்கு இரிக்கிறது கனமூலைப் புள்ளதானே? உம்மாட தலையக் கண்டேன். என்னக் கண்டதும் கதவச் சாத்துறா. என்ன வருத்தம் அந்தப் புள்ளக்கி? வாயில புண்ணு, கட்டி எண்டு பெரிசா ஒண்டும் இல்லையே? எங்கட பொடியனக் கட்டிக் குடுக்கிற எடம். மறைக்காமச் செல்லுங்க."

உள்ளே டொக்டர் கூப்பிடுகிறார். 'ஒண்டும் இல்லை மாமி, முன் பல் சேராது, அவ்வளவுதான்' என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். அவர் நினைக்கிற பெரிய வருத்தம் எல்லாம் அதோடு போய்விடும். ஆனால் அது என் வாயால் போகக் கூடாத சொல். கழுவ வந்தார்கள் என்று பொய் சொன்னால், இரண்டு மாதம் கழித்துக் கம்பியைக் கண்டதும் அந்தப் பொய்யும் சஃப்னாவின் கணக்கில்தான் விழும். பேசாமல் நின்றாலோ, கட்டி என்றே முடிவு செய்துவிடுவார். என்னைப் போலக் கூச்சம் உள்ளவர்களுக்குப் பேசாமல் நிற்பதுதான் சுகம். அன்றைக்கு அதுவும் கூடாது என்று விளங்கியது.

"மாமி," என்றேன், "உள்ளுக்கு இருக்கிறவங்களப் பத்தி வெளிய நான் சொல்ல ஏலாது. நாளைக்கு ஆராவது மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்து உங்கட மகளப் பத்திக் கேட்டாலும் நான் இதைத்தான் சொல்லுவன்."

அவர் பார்வை ரிஸ்காவின் பக்கம் போனது. அவள் கம்பி தெரிய யாருடனோ சிரித்துக்கொண்டிருந்தாள். மாமி கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார்.

"அதுவும் சரிதான்" என்றார். ஆனால் முகம் தெளியவில்லை.

நான் உள்ளே வந்தேன். உம்மா ஆவலோடு பார்த்தார். நான் சஃப்னாவின் பக்கம் போய், "வெளியில மாமி கேட்டா. நான் உண்மையும் சொல்லல்ல, பொய்யும் சொல்லல்ல. சொல்லுறதெண்டா அது உங்கட வாயாலதான் வரவேணும். சொல்லாட்டியும் பரவால்ல" என்றேன். உம்மா, "வேணாம் மகள், வேணாம்" என்றார். சஃப்னா கழுத்தில் கட்டியிருந்த துணியோடேயே எழும்பிப் போனாள். டொக்டர் கையுறையைக் கழற்றிவிட்டு, அவசரமே இல்லாதவர் போலத் தேநீரை எடுத்தார்.

வெளியே மாமி பேப்பரில் சுற்றிய மீன் பணிஸ் வைத்திருந்தார். பஸ் பிடித்து வருகிறவர்கள் வழியில் வாங்கி வருவார்களே, மீன் அடைத்த பன், அதுதான். சஃப்னா வந்து ஸலாம் சொன்னதும் மாமி ஸலாமுக்குப் பதில் சொல்லிவிட்டு, ஒரு பணிஸை எடுத்து அவள் முன்னால் நீட்டினார். கை நீட்டியபடியே இருந்தது. வாங்கில் இருந்த எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாங்காவிட்டால் பெருமைக்காரி என்பது உறுதியாகிவிடும். வாங்கினால் எல்லார் முன்னாலும் வாயைத் திறக்கவேண்டும்.

சஃப்னா அந்தப் பணிஸை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். நான் கதவருகில் நின்று பார்த்தேன். அப்போதுதான் ரிஸ்கா குறுக்கே வந்தாள்.

"மதினி, அப்பிடியே கடிக்கப் பாக்காதீங்க, ஏலா. என்னப் போலப் பிச்சிப் பிச்சி பின் பல்லுக்கு வைங்க. கம்பி போட்டாலும் அப்பிடித்தான், போடாட்டியும் அப்பிடித்தான். இந்த வாங்குல இரிக்கிற ஆருக்கும் ஒழுங்காக் கடிக்க ஏலா!"

"ஏய், வாய மூடு! மதினியாம், பேச்சு முடியல்ல" என்று மாமி அதட்டினார். ஓரத்தில் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்த ஒரு தம்பி சிரித்துவிட்டான். அவனுக்கும் கம்பி.

சஃப்னா வாங்கில் இருந்தாள். பணிஸை மடியில் வைத்து, இரண்டு கையாலும் பிய்த்து, சின்னத் துண்டாக்கிக் கடைவாய்ப் பக்கம் வைத்துச் சாப்பிட்டாள். கையால் மறைக்கவில்லை. மாமி அவள் விரலைப் பார்த்தார். பிறகு ரிஸ்காவின் மடியில் பேப்பரில் கிடந்த அதே மாதிரித் துண்டுகளைப் பார்த்தார்.

"முன் பல்லால கடிக்க மாட்டியா மகள்?"

"ஏலா மாமி. மேலயும் கீழயும் சேராது."

"அப்ப அண்டைக்கி சஹன்ல…?"

"எறச்சித் துண்டு பெரிசா இரிந்திச்சி மாமி."

மாமி நெற்றியில் தட்டிக்கொண்டார்.

"நான்தானேடி நல்ல துண்டாப் பாத்துப் பாத்து ஒன்ட பக்கம் தள்ளின! நீ எழும்பினதும் எனக்கு நெஞ்சு எரிஞ்சி போச்சி. எங்கட கை அருவருப்பாக்கும் எண்டு… ஊட்டுல இப்பிடி ஒண்ட வச்சிக்கிட்டு எனக்கு வெளங்கல்லையே! வாயத் தொறந்து ஒரு சொல்லு செல்லி இரிந்தா என்ன?"

"வாயத் தொறக்கத்தானே மாமி வெக்கம்" என்றாள் சஃப்னா.

மாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் உம்மா கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். இரண்டு தாய்மாரும் பேசிக்கொண்டதை நான் நின்று கேட்கவில்லை. உள்ளே போனபோது டொக்டர், "இன்றைக்கு வாங்கு செய்த வேலையில் பாதியைக் கூட நாங்கள் செய்யவில்லை" என்று சிங்களத்தில் சொன்னார்.

தங்கச்சிமாரே, அதற்குப் பிறகு நான் யாரிடமும் கடி என்ற சொல்லைப் பாவிக்கவில்லை. 'மேலும் கீழும் சேருதா, பார்ப்போம்' என்றுதான் சொல்லுவேன். எப்படிச் சாப்பிடுவீர்கள் என்பதையும் கேட்பேன். புதிதாக வந்து வாயைப் பொத்திக்கொண்டிருக்கும் ஒருவரைக் கண்டால், ரிஸ்காவைப் போல வாயாடும் கம்பிக்காரர் ஒருவருக்குப் பக்கத்தில் இடம் காட்டுவேன். ஒருவரைப் பற்றி இன்னொருவருக்கு ஒன்றும் சொல்லமாட்டேன். வாங்கு தானாகச் சொல்லும். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

கலியாணத்துக்கு என்னையும் கூப்பிட்டார்கள். சஃப்னா கம்பியோடு சிரித்துக்கொண்டு இருந்தாள். பெண்கள் பக்கம் சஹன் வைத்தபோது நான் சுவரோரமாக நின்றேன். மாமி விடவில்லை. "நீங்க மாட்டெறச்சி தின்ன மாட்டீங்களே, உங்களுக்காகவே கோழிச் சஹன் ஒண்டு வைக்கச் சொன்னேன். வாங்க மிஸ்" என்று என்னைத் தன் பக்கத்தில் இழுத்து இருத்தினார். சுற்றிவர மாமி, சஃப்னாவின் உம்மா, ரிஸ்கா, மணப்பெண். அங்கே முகக்கவசம் இல்லை, திரும்பி இருக்க அலுமாரியும் இல்லை.

மாமி முதலில் சஃப்னாவின் பக்கம் கோழியை நாராகப் பிய்த்துப் பிய்த்து வைத்தார். பிறகு ஒரு நல்ல தொடைத் துண்டை என் பக்கம் தள்ளினார். எல்லாரும் கை போட்டுவிட்டார்கள். என் கை மடியிலேயே இருந்தது. பசி இல்லை என்று சொல்லி எழும்பிவிடலாம் என்று நினைத்தேன். அந்தச் சொல் நாக்கின் நுனி வரை வந்துவிட்டது.

மாமி என்னைப் பார்த்தார். துண்டைப் பார்த்தார்.

"மிஸ்… உங்களுக்கும்?"

நான் பல்லைச் சேர்த்துக் கடித்து, உதட்டைத் திறந்து காட்டினேன். என்னுடைய கீழ் வரிசை மேல் வரிசைக்கு வெளியே நிற்கும். பிறந்த வீட்டு ஆட்களைத் தவிர வேறு யாருக்கும் நான் அதைக் காட்டியதில்லை.

"உம்மா!" என்று ரிஸ்கா சோற்றுக் கையோடு கத்தினாள். "மிஸ்ஸுக்கும் என்னப் போலதான்!"

அந்தப் பக்கத்துச் சஹன்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மாமி அந்தத் தொடைத் துண்டை மறுபடி எடுத்து, சின்னச் சின்னதாகப் பிய்த்து, என் பக்கத்துச் சோற்றின் மேல் வைத்தார். நான் கை போட்டேன்.